தோட்டத்துக் கணினியும் ரெட்மண்ட் பட்டியலும்

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் விடைகொடுத்த நாள் 2025 அக்டோபர் 14. அதற்கு முன்னும் பின்னும் ரந்தாவ், லிங்கி, பகாவ், கெமெஞ்சே பக்கத்துத் தோட்டப்புறங்களில் காதில் விழுந்த பேச்சுகளைக் கேட்டால், ஏதோ பெருவெள்ளம் வரப்போகிறது என்றே நினைக்கத் தோன்றும். "அன்னிக்கு ராத்திரியோட கம்பியூட்டர் நின்னுடுமாம்." "புதுசு வாங்கலன்னா பேங்க் காசு போயிடுமாம்." "உள்ளே ஒரு சிப்பு இருக்காம், நாம செய்றதெல்லாம் அமெரிக்காவுக்குப் போகுதாம்." கடைக்காரர் சொன்னது, பிள்ளையின் வாத்தியார் சொன்னது, மருமகன் சொன்னது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சாட்சி உண்டு.

இவற்றில் பாதி பொய். மீதியில் உண்மை கலந்திருக்கிறது. ஒரு மென்பொருள் நிறுவனம் நம் வீட்டு மேசைமேல் இருக்கும் இயந்திரத்தின் ஆயுளை முடிவுசெய்யும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது என்பது மெய்தான். அது எந்த வழியாக நடக்கிறது என்பதைத்தான் தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறோம். அதனால் பயப்பட வேண்டாததற்குப் பயந்து, தேவையில்லாத இடத்தில் காசைக் கொட்டுகிறோம்.

தோட்டத்துக் கணினி என்று தனி ரகம் கிடையாது. ஆனால் அது வந்துசேரும் வழி தனி. சிரம்பானிலோ கோலாலம்பூரிலோ ஓர் அலுவலகம் நாலைந்து வருடம் ஓட்டிக் கழித்த டெல், எச்பி, லெனோவோ மடிக்கணினி மொத்த வியாபாரியிடம் போய், அங்கிருந்து சிறு கடைக்கு வந்து, சில நூறு வெள்ளிக்கு ஒரு குடும்பத்தின் கைக்கு வருகிறது. தமிழ்ப்பள்ளிகளிலும் அமைச்சு கொடுத்தவற்றோடு பெற்றோர் ஆசிரியர் சங்கம் கேட்டு வாங்கிய நன்கொடைக் கணினிகள் சேர்ந்தே இருக்கும். நெகிரி செம்பிலானில் ஏறத்தாழ 60 தமிழ்ப்பள்ளிகள் உண்டு. பால்மரம் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் நீலாய், செண்டாயான் பக்கமெல்லாம் தாமான்களாகிவிட்ட பிறகும் அவற்றில் பலவற்றின் பெயர்ப்பலகையில் 'லாடாங்' அப்படியே நிற்கிறது. இந்தப் பள்ளிகளுக்கும் குடும்பங்களுக்கும் கணினி கிடைக்கும்போதே அதற்கு ஐந்து வயது. எத்தனை வயதோடு ஒரு கணினியை ஒதுக்குவது என்று மைக்ரோசாஃப்டின் தலைமையகம் இருக்கும் ரெட்மண்டில் தீர்மானமானால் அடி விழுவது முதலில் வாங்கியவருக்கு இல்லை, இரண்டாவதாக வாங்கியவருக்கு.

"அக்டோபரோடு கணினி நின்றுவிடும்"

நிற்கவில்லை. அக்டோபர் 15 காலையிலும் அந்தக் கணினிகள் வழக்கம்போலத் திறந்தன. நின்றது, மாதந்தோறும் இலவசமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே. புதிதாக ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைக்க யாரும் வரமாட்டார்கள். வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினிக்கு இது சின்ன விஷயமில்லை. ஆனால் 'ஓடாது' என்பதும் 'காவல் குறைந்தது' என்பதும் ஒன்றல்ல.

அந்தக் காவலையும் நீட்டிக்கலாம் என்பதைக் கடைகளில் அதிகம் சொல்வதில்லை. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் தருகிறது. விலை 30 டாலர் அல்லது அதற்கு ஈடான உள்ளூர்க் காசு. கணினியின் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்க ஒப்புக்கொண்டால் காசே வேண்டாம். ஒரு கணக்கில் பத்துக் கணினிகள் வரை சேர்க்கலாம். விண்டோஸ் 10இன் 22எச்2 பதிப்பும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இலவசம் என்றால் சும்மா இல்லை. அமைப்புகளைக் கணக்கில் சேமிக்கவைப்பதுதான் அங்கே விலை. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் நுகர்வோர் அமைப்புகள் கேள்வி கேட்ட பிறகு, அங்குள்ளவர்களுக்கு அந்தச் சேமிப்பு நிபந்தனை தளர்ந்தது. நமக்குத் தளரவில்லை.

"நம்ம கணினி பழசு, அதனால்தான் விண்டோஸ் 11 ஏறவில்லை"

இங்கேதான் விஷயமே இருக்கிறது.

விண்டோஸ் 11 அறிவிக்கப்பட்டது 2021 ஜூன் 24. வெளிவந்தது அதே ஆண்டு அக்டோபர் 5. அதற்கு வேண்டியவை என்று மைக்ரோசாஃப்ட் தந்த கணக்கு மிக எளிமையானது: 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், இரண்டு கருக்கள் கொண்ட 64 பிட் செயலி. பத்து வருடப் பழைய அலுவலகக் கணினியும் இதில் தேறிவிடும். தேறாமல் போவது அடுத்து வரும் இரண்டில். ஒன்று, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சிப்பு. மற்றொன்று, மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்ட செயலிகளின் பட்டியல்.

டிபிஎம் இல்லை என்று கடையில் சொல்லித் திருப்பி அனுப்பப்படும் கணினிகளில் நிறையவற்றில் அது இருக்கவே செய்கிறது. 2016 ஜூலைக்குப் பிறகு விண்டோஸ் 10 ஏற்றி விற்கும் புதுக் கணினிகளில் டிபிஎம் 2.0 இருந்தாக வேண்டும் என்று மைக்ரோசாஃப்டே விதித்திருந்தது. இன்டெல் செயலிகளில் அது பிடிடி என்ற பெயரிலும் ஏஎம்டி செயலிகளில் எஃப்டிபிஎம் என்ற பெயரிலும் செயலிக்குள்ளேயே அடங்கியிருக்கும். பல தாய்ப்பலகைகளில் அது அணைத்துவைக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். கணினி திறக்கும்போது பயாஸ் என்ற தொடக்க அமைப்புக்குள் போய் இயக்கினால் போதும். அதற்கென்று ஒரு வெள்ளி செலவில்லை.

பட்டியலை அப்படித் தாண்ட முடியாது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை முதல், ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை முதல். ஏழாம் தலைமுறை இன்டெல் செயலிகள் சந்தைக்கு வந்தது 2016, 2017இல். விண்டோஸ் 11 வெளிவரும்போது அவற்றுக்கு நான்கைந்து வயதுதான். டிபிஎம் 2.0 இருக்கிறது, வேகம் இருக்கிறது, நினைவகம் இருக்கிறது. பட்டியலில் பெயர் இல்லை. தோட்டப்புறத்தில் இன்று புழங்கும் பழைய மடிக்கணினிகளில் கணிசமானவை ஆறாம், ஏழாம் தலைமுறைக்காரர்கள் என்பதை எந்தப் பழுதுபார்க்கும் கடையிலும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் பார்த்துவிடலாம்.

மைக்ரோசாஃப்டின் தரப்பையும் சொல்லிவிட வேண்டும். புதிய செயலிகளில் நச்சுநிரல் இயக்கக் கருவுக்குள் நுழையாமல் தடுக்கும் வசதி வேகம் குறையாமல் நடக்கிறது என்கிறார்கள். 2021 ஆகஸ்டில், முன்னோட்டப் பதிப்பை ஓட்டிய கணினிகளை ஒப்பிட்டு, நிபந்தனைக்கு உட்படாதவற்றில் கருநிலைக் கோளாறுகள் 52 சதவீதம் அதிகம் என்றும், உட்பட்டவற்றில் 99.8 சதவீதம் கோளாறின்றி ஓடியதாகவும் சொன்னார்கள். இந்த வாதத்தை ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். ஆனால் அதே பட்டியலில் ஒரு விதிவிலக்கு உண்டு. ஏழாம் தலைமுறையைச் சேர்ந்த கோர் ஐ7-7820எச்கியூ என்ற செயலிக்கு அனுமதி கிடைத்தது. அந்தச் செயலி எதில் இருந்தது தெரியுமா? மைக்ரோசாஃப்ட் தானே செய்து விற்ற சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2இல். தன் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு நியாயம், ஊரார் பிள்ளைக்கு ஒரு நியாயம்.

உண்மையான தொழில்நுட்ப எல்லை எப்படியிருக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு, எஸ்எஸ்இ 4.2 என்ற கட்டளைத் தொகுதி இல்லாத செயலிகளில் தொடங்கவே தொடங்காது. 2008க்கு முற்பட்ட இன்டெல் செயலிகள் அதில் சேரும். அது சுவர், முட்டினால் தலை வலிக்கும். எட்டாம் தலைமுறை என்பது சுவரல்ல, தரையில் போட்ட கோடு. கோட்டைத் தாண்டி 11ஐ ஏற்றிக்கொடுக்கும் வழிகள் கடைக்காரர்களுக்குத் தெரியும்; ஏற்றியும் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்குத் திருத்தங்கள் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. வேலை செய்கிறது என்பதற்காகச் சொல்லாமல் ஏற்றிவிற்பது சரியல்ல. வாங்குகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

பழைய மடிக்கணினி வாங்கப் போகிறவர்கள் பார்க்க வேண்டியது உறையின் பளபளப்பை அல்ல. ஐ5 என்பதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 7200 என்றால் ஏழாம் தலைமுறை, 8250 என்றால் எட்டாம் தலைமுறை. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், விலையில் சிறு வித்தியாசம் இருக்கும். அந்த ஓர் எண்ணில்தான் ரெட்மண்டின் கோடு ஓடுகிறது.

"இந்தக் கெடுபிடியெல்லாம் இப்போது வந்தது"

முன்பெல்லாம் கணினி நம்முடையதாக இருந்தது, இப்போதுதான் பிடி இறுகுகிறது என்று படித்தவர்களே பேசுகிறார்கள். பிடி பழையது. அதில் மலேசியாவுக்குத் தனி இடமும் உண்டு.

1990களின் தொடக்கத்தில் கணினி செய்யும் நிறுவனங்களோடு மைக்ரோசாஃப்ட் போட்ட ஒப்பந்தங்களில் ஒரு விதி இருந்தது. குறிப்பிட்ட செயலியோடு வெளியேறும் ஒவ்வொரு கணினிக்கும் மைக்ரோசாஃப்டுக்குக் காசு கட்ட வேண்டும். அதில் மைக்ரோசாஃப்ட் மென்பொருள் இருக்கிறதா இல்லையா என்பது பொருட்டில்லை. வேறு இயக்குதளத்தை ஏற்றினால் இரண்டு முறை காசு என்றால் எவர் ஏற்றுவார்? அமெரிக்க நீதித்துறை தலையிட்டு, 1994 ஜூலையில் வந்த உடன்பாட்டில் இந்த முறை கைவிடப்பட்டது.

அதே 1994இல் விண்டோஸ் விசை விசைப்பலகையில் ஏறியது. பின்னர் இன்டெலோடு சேர்ந்து மைக்ரோசாஃப்ட் ஆண்டுதோறும் 'கணினி எப்படி இருக்க வேண்டும்' என்று வழிகாட்டி வெளியிட்டது. விசைப்பலகைச் செருகி ஊதா, சுட்டிச் செருகி பச்சை, ஒலிவாங்கி இளஞ்சிவப்பு என்று பள்ளிக் கணினிக் கூடத்தில் பிள்ளைகள் நிறம் பார்த்துச் சொருகினார்களே, அந்த நிறங்களை நாடெங்கும் நிலைக்கச் செய்தது அந்த வரிசையில் வந்த பிசி 99 வழிகாட்டி. எல்லாமே கெடுதல் என்று நான் சொல்ல வரவில்லை. நிறங்கள் எத்தனையோ ஆசிரியர்களின் தலைவலியைக் குறைத்தன. ஆனால் விண்டோஸ் முத்திரை வேண்டும் என்றால் வழிகாட்டிப்படி செய், இல்லையென்றால் சந்தையில் நில் பார்ப்போம் என்ற ஏற்பாடு அன்றே வேரூன்றிவிட்டது.

இனி நம் ஊர்க் கதை. சேமநிதியிலிருந்து பணம் எடுத்துக் கணினி வாங்க அரசு அனுமதித்த காலம் ஒன்று இருந்தது. தோட்டத் தொழிலாளர் பலர் முதன்முதலாகக் கணினியைத் தொட்டுப் பார்த்தது அந்தக் காலத்தை ஒட்டித்தான். அதே காலத்தில் பக்கத்துச் சிலாங்கூரில் பிராங் பெசார் தோட்டம் புத்ராஜெயாவாக மாறிக்கொண்டிருந்தது. அதையும் உள்ளடக்கிய பல்லூடகப் பெருவழியின் அனைத்துலக ஆலோசனைக் குழுவில் பில் கேட்ஸும் இருந்தார். அடுத்து, மலிவு விலைக் கணினி ஒவ்வொரு வீட்டுக்கும் போக வேண்டும் என்று பேச்செழுந்தது. 2003இல் தாய்லாந்து அரசு லினக்ஸ் என்ற திறமூல இயக்குதளத்தை ஏற்றிய மலிவுக் கணினியை மக்களுக்கு விற்கத் தொடங்கியதும் மைக்ரோசாஃப்ட் விழித்துக்கொண்டது. மலேசியாவிலும் 'பிசி கெமிலாங்' என்ற பெயரில் அப்படியொரு திட்டம் எழுந்தது.

மைக்ரோசாஃப்டின் பதில், 2004இல் அறிவித்த விண்டோஸ் எக்ஸ்பி ஸ்டார்ட்டர். முதலில் தேர்ந்தெடுத்த நாடுகளில் மலேசியா ஒன்று, தாய்லாந்தும் இந்தோனேசியாவும் மற்றவை. மலாய் மொழியில், குறைந்த விலையில், புதுக் கணினியோடு சேர்த்து மட்டும் வரும். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் ஒரே நேரத்தில் மூன்று நிரல்களுக்கு மேல் திறக்க முடியாது. நான்காவதைத் தொட்டால் முடியாது என்று அறிவிப்பு வரும். வீட்டில் இரண்டு கணினிகளை இணைத்துக் கோப்புகளைப் பகிர முடியாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கணக்கு வைக்க முடியாது. நினைவகம், வட்டு, திரைத் தெளிவு எல்லாவற்றுக்கும் மேல்வரம்பு; செயலியும் கீழ்த்தட்டு ரகமாக இருக்க வேண்டும். கூடுதல் நினைவகத்தைக் காசு கொடுத்து வாங்கிச் சொருகினாலும் மென்பொருள் அதைத் தொடாது. ஏழைக்கென்று கொடுத்த கணினியில், அந்த இயந்திரத்துக்கு இயல்பாக இருந்த திறனை எண்ணிக் குறைத்துக் கொடுத்தார்கள். ஏழைப் பிள்ளைக்கு நான்காவது சாளரம் எதற்கு என்று ஒரு கூட்டத்தில் யாரோ முடிவெடுத்திருக்கிறார்கள் அல்லவா, இந்த வரலாற்றில் என்னை இன்றும் கோபப்படுத்துவது அதுதான்.

மூன்று வருடம் கழித்துச் சின்ன நெட்புக்குகள் வந்தன. 2007 அக்டோபரில் வெளிவந்த அசூஸ் ஈ பிசி முதலில் லினக்ஸோடு வந்தது. 2008இல் மைக்ரோசாஃப்ட், ஓய்வுபெறவிருந்த எக்ஸ்பியை இந்த ரகக் கணினிகளுக்கு மட்டும் மலிவாகத் தர முன்வந்தது. நிபந்தனைகள்: நினைவகம் 1 ஜிபிக்கு மேல் கூடாது, திரை 10.2 அங்குலத்துக்கு மேல் கூடாது, வட்டு 80 ஜிபிக்கு மேல் கூடாது, தொடுதிரை கூடாது. பிறகு சிலவற்றைத் தளர்த்தினார்கள். அந்தக் காலத்து நெட்புக்குகள் எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் ஒன்றுபோல் 1 ஜிபியும் பத்து அங்குலமுமாகத் திணறியதற்குப் பொறியியல் மட்டும் காரணமில்லை. 1மலேசியா நெட்புக் திட்டத்தில் குறைந்த வருமானக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குச் சிறு கணினி கொடுத்ததும் அந்தக் காலகட்டத்தில்தான். 'அரசாங்கம் குப்பையைக் கொடுத்துவிட்டது' என்று திட்டிய பெற்றோருக்கு, வரம்பைப் போட்டவர் யார் என்று தெரிய வழியில்லை.

"உள்ளே இருப்பது உளவுச் சிப்பு"

டிபிஎம் உங்கள் பேச்சைக் கேட்பதில்லை, படம் எடுப்பதில்லை, எங்கும் எதையும் அனுப்புவதில்லை. சாவிகளைப் பத்திரமாக வைத்திருப்பதும், கணினி திறக்கும்போது வழக்கமான நிரல்கள்தான் ஓடுகின்றனவா என்று அளந்து வைப்பதும்தான் அதன் வேலை. பயம் எங்கிருந்து வந்தது என்றால் 2002இலிருந்து. அந்த ஆண்டு மைக்ரோசாஃப்ட் 'பல்லேடியம்' என்ற திட்டத்தை வெளியே சொன்னது. கணினிக்குள் உரிமையாளரும் கைவைக்க முடியாத ஒரு பூட்டிய அறை. எந்த மென்பொருளை நம்புவது என்பதை வெளியே உள்ளவர்கள் சரிபார்க்கலாம். உலகெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. பல்லேடியம் அந்த உருவில் வரவில்லை. அந்தப் பயம் மட்டும் வாய்வழியாகத் தங்கிவிட்டது.

உளவுக்குப் பயப்படுகிறவர்கள் கவனிக்காமல் விடுவது வேறொன்று. விண்டோஸ் 11ஐ 24எச்2 பதிப்பில் புதிதாக ஏற்றி மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே போனால், வட்டு முழுவதும் தானாகப் பூட்டப்பட்டுவிடும். மீட்புச் சாவி அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். திருடு போன மடிக்கணினிக்கு இது நல்ல காவல். ஒரே கணினியை அண்ணன் தங்கையாக நால்வர் பயன்படுத்தும் வீட்டில், முதலில் கணக்கு திறந்தது யார்? கடைக்காரப் பையனா, வெளியூரில் வேலைக்குப் போன அண்ணனா, கடவுச்சொல் மறந்துபோன மின்னஞ்சலா? பலகை மாற்றினாலோ பயாஸைத் தொட்டாலோ நீல நிறத் திரையில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது இல்லையென்றால் பிள்ளையின் எஸ்பிஎம் கோப்புகளும் குடும்பப் படங்களும் போனதுதான். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நாமும் பார்க்க முடியாது. கணினி வாங்கிய அன்றே மீட்புச் சாவியைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரம், பிறப்புப் பத்திரத்தோடு வைத்துவிடுங்கள்.

மைக்ரோசாஃப்ட் மென்பொருள்தானே செய்கிறது, சிப்போடு அதற்கு என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கும் ஒரு செய்தி. 2020 நவம்பரில் ஏஎம்டி, இன்டெல், குவால்காம் மூன்றோடும் சேர்ந்து 'புளூட்டோன்' என்ற பாதுகாப்புப் பகுதியைச் செயலிக்குள்ளேயே வைக்கும் திட்டத்தை அது அறிவித்தது. வடிவமைப்பு மைக்ரோசாஃப்டுடையது, அதற்கான திருத்தங்கள் விண்டோஸ் அப்டேட் வழியாகவே வரும். 2024 ஜனவரியில் விசைப்பலகையில் கோபைலட் விசை வந்தது, முப்பது வருடத்தில் முதல் புது விசை. அதே ஆண்டு மே மாதம், 'கோபைலட் பிளஸ்' என்ற பெயரைச் சூட்ட வேண்டுமானால் 16 ஜிபி நினைவகமும் நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்கீடு செய்யும் தனிப் பகுதியும் இருக்க வேண்டும் என்று விதித்தது. ஒரு ஆலைகூட இல்லாமல் இதைச் செய்ய முடிகிறது. செனவாங்கிலும் சிரம்பானிலும் தொழிற்சாலைப் பேருந்து ஏறிப்போய் மின்னணுப் பாகங்களைக் கோத்தும் சோதித்தும் தந்த கைகளில் தோட்டத்துப் பெண்களின் கைகளும் உண்டு. பாகத்தைச் செய்கிற இடத்தில் அதிகாரம் இல்லை என்பது அவர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"லினக்ஸ் போட்டால் விடுதலை"

இதைச் சொல்பவர்கள் நம் பக்கத்து ஆட்கள்தான், நானும் சொல்வதுண்டு. ஏழாம் தலைமுறை மடிக்கணினியில் உபுண்டுவோ லினக்ஸ் மின்ட்டோ ஏற்றினால் அது இன்னும் பல வருடம் நன்றாக ஓடும், திருத்தங்களும் இலவசமாக வரும், தமிழ் எழுத்தும் சிக்கலில்லாமல் வரும். அரசுகளும் முயன்றிருக்கின்றன. மலேசியாவில் அரசு நிர்வாக நவீனமயப் பிரிவான மம்பு 2004இல் அரசுத் துறைகளுக்கான திறமூலப் பெருந்திட்டத்தை வெளியிட்டது. தமிழ்நாட்டில் உமாசங்கர் ஐஏஎஸ் தலைமையில் அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் 2007 வாக்கில் சூசே லினக்ஸுக்கு மாறியது. 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினிகளில் போஸ் லினக்ஸும் விண்டோஸும் சேர்ந்தே வந்தன.

ஆனால் 'விடுதலை' என்பது கொஞ்சம் கூடுதல். 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது செக்யூர் பூட் என்ற ஏற்பாடு வந்தது. கணினி திறக்கும்போது, நம்பகமான கையெழுத்து உள்ள நிரலை மட்டுமே அது உள்ளே விடும். ஏறத்தாழ எல்லாக் கணினிகளிலும் ஏற்றப்பட்டிருந்த கையெழுத்துச் சாவி மைக்ரோசாஃப்டுடையது. ஆகவே ஃபெடோரா, உபுண்டு போன்றவை தங்கள் தொடக்க நிரலுக்கு மைக்ரோசாஃப்டிடம் போய்க் கையெழுத்து வாங்கி வருகின்றன, இன்றும். போட்டியாளரின் முத்திரை இல்லாமல் போட்டியாளரின் கடை திறக்காது என்றால் அது என்ன போட்டி?

மூன்று தலைமுறை தோட்ட வீட்டில் குடியிருந்தவர்களுக்கு இது புதிய அனுபவமல்ல. வாசலில் துளசி நட்டோம், பின்னால் கோழி வளர்த்தோம், கூரையை நம் காசில் மாற்றினோம். தோட்டம் கைமாறியபோதுதான் வீடு யாருடையது என்று தெரிந்தது. கணினியின் செருகிகள் நமக்கு, சாவிக்கொத்து வேறிடத்தில்.

அன்று விண்டோஸ் 8 முத்திரைக்கான விதியில், சாதாரணக் கணினிகளில் உரிமையாளர் செக்யூர் பூட்டை அணைக்க வழி இருந்தாக வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது 'இருந்தாக வேண்டும்' என்பது 'செய்பவர் விருப்பம்' ஆயிற்று. 2022இல் லெனோவோவின் சில புது மடிக்கணினிகளில் லினக்ஸுக்கான கையெழுத்துச் சாவி ஆரம்பத்திலேயே அணைக்கப்பட்டு வந்தது. உயர்பாதுகாப்பு ரகத்துக்கு மைக்ரோசாஃப்ட் கேட்டது அது. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் திருத்தம் ஒன்று, விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருந்த பல கணினிகளில் லினக்ஸைத் திறக்கவிடாமல் செய்தது. இந்தக் கையெழுத்துகளுக்கு ஆதாரமாக 2011இல் உருவாக்கிய சான்றுகளே 2026 ஜூனிலிருந்து காலாவதியாகின்றன. 2023இல் உருவாக்கிய புதியவை கணினிக்குள் ஏற வேண்டும். ஏறாவிட்டால் கணினி அன்றே நின்றுவிடாது. ஆனால் தொடக்கநிலைப் பாதுகாப்புத் திருத்தங்கள் இனி வராது, பின்னால் கையெழுத்திடப்படும் நிரல்களை அது நம்பாது. செய்தவரே மறந்துவிட்ட பத்து வருடப் பலகைக்குப் புதிய சாவியை யார் கொண்டுவந்து தருவார்கள்?

பெரும்பாலான கணினிகளில் பயாஸுக்குள் போய்ச் செக்யூர் பூட்டை அணைத்துவிடலாம் என்பது இன்றைய நிலவரம். ஆகவே லினக்ஸ் ஏற்றுங்கள். ஆனால் பள்ளிக்கென்று மொத்தமாக வாங்கும்போது செக்யூர் பூட்டை அணைக்க முடியுமா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

"கூகுள் பக்கம் போனால் தொல்லையில்லை"

2011இல் தொடங்கி 2019 வரை ஓடிய 1பெஸ்தாரிநெட் திட்டத்தின் வழியாக மலேசியப் பள்ளிகளுக்குக் குரோம்புக்குகள் வந்தன. அந்தக் கணினிகளில் ஒவ்வொரு மாதிரிக்கும் காலாவதித் தேதி ஆரம்பத்திலேயே எழுதப்பட்டிருக்கும். பாலில், ரொட்டியில் பார்ப்போமே, அப்படி. புதிய மாதிரிகளுக்குப் பத்து வருடம் என்று கூகுள் 2023இல்தான் நீட்டியது. முதலிலேயே தேதியைச் சொல்லிவிடுவதில் ஒரு நேர்மை இருக்கிறது. அதைத் தாண்டிப் பெரிய வித்தியாசமில்லை. ஆப்பிளில் மென்பொருளும் இயந்திரமும் ஒரே கை. தோட்டப்புறத்துக்கு ஆப்பிள் வருவது அரிது என்பதால் அதை விடலாம்.

"பழசைத் தூக்கிப்போட்டால் கதை முடிந்தது"

விண்டோஸ் 10 முடிவால் உலகில் 24 கோடிக் கணினிகள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கனாலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரில் கணக்கிட்டது. மலேசியச் சட்டத்தில் மின்னணுக் கழிவு, எஸ்டபிள்யூ 110 என்ற குறியோடு 2005ஆம் ஆண்டு விதிகளில் வரும் அட்டவணைக் கழிவு. விதிகள் தொழிற்சாலைகளைக் கருதி எழுதப்பட்டவை. வீட்டுக் கணினி பெரும்பாலும் பழைய இரும்பு வாங்கும் லாரியில்தான் ஏறுகிறது. நாட்டின் முதல் ஒருங்கிணைந்த அட்டவணைக் கழிவு மையம் 1998இல் செயல்படத் தொடங்கியது நம் மாநிலத்தில், போர்ட்டிக்சன் பக்கம் புக்கிட் பெலண்டோக்கில். அதன் முகவரியில் இன்றும் தானா மேரா தோட்டத்தின் பெயர் இருக்கிறது. நாட்டின் நஞ்சை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தேடியவர்களுக்குத் தோட்டம்தான் கண்ணில் பட்டிருக்கிறது. உங்கள் மடிக்கணினி அங்கேதான் போகும் என்று சொல்லவில்லை. பாட்டரியும் ஈயமும் போக ஓர் இடம் வேண்டும் என்கிறேன்.

தூக்கிப்போடுவதற்கு முன் பள்ளிகள் கேட்க வேண்டிய விலை ஒன்று உண்டு. கல்வி உரிமம் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு விண்டோஸ் 10 நீட்டிப்புத் திருத்தம் ஒரு கணினிக்கு முதல் ஆண்டு 1 டாலர், இரண்டாம் ஆண்டு 2 டாலர், மூன்றாம் ஆண்டு 4 டாலர் என்று மைக்ரோசாஃப்டே விலை வைத்திருக்கிறது. மூன்று ஆண்டுக்கும் சேர்த்து 7 டாலர். 2028 அக்டோபர் வரை காவல் உண்டு. உரிமத்தைக் கையில் வைத்திருப்பது அமைச்சா, பள்ளியா, நன்கொடையாக வந்த கணினிகள் அதில் சேருமா என்பதைத் தலைமையாசிரியரும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். புதுக் கணினிக்கு நன்கொடை திரட்டும் விருந்துக்குச் சீட்டு அச்சடிப்பதற்கு முன்னால் கேட்க வேண்டும்.